ஆனந்தர் ஏன் அழுதார்? பௌத்தம் சொல்லும் நிலையாமை: ஓர் எளிய அறிமுகம்

இலங்கையில் சிங்களப் பௌத்தர் வீட்டில் சாவு விழுந்தால் தெருவில் வெள்ளைக் கொடிகள் ஏறும். சந்தியில் கட்டும் பதாகையில் இறந்தவர் பெயரோடு பல இடங்களில் மூன்று பாலிச் சொற்களும் இருக்கும்: 'அனிச்சா வத சங்காரா.' அடக்கத்துக்கோ தகனத்துக்கோ முன்னால் பிக்குகள் வருவார்கள். குடும்பத்தார் அவர்களுக்கு வெள்ளைத் துணி கொடுப்பார்கள். அப்புறம் பாயில் நெருக்கமாக உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தை எல்லோருமாகப் பிடித்து, தட்டில் வைத்த கோப்பைக்குள் தண்ணீர் வார்ப்பார்கள். கோப்பை நிரம்பி, விளிம்பு தாண்டித் தட்டில் வழியும்வரை வார்ப்பார்கள். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடுவது போல, நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவது போல, இங்கே கொடுத்தது போனவருக்குச் சேரட்டும் என்று பிக்குகள் ஓதுவார்கள்.

பதாகையில் இருக்கும் அந்த மூன்று சொற்கள் ஒரு நாலடிப் பாடலின் தொடக்கம். 'அனிச்சா வத சங்காரா, உப்பாதவயதம்மினோ, உப்பஜ்ஜித்வா நிருஜ்ஜந்தி, தேசம் வூபசமோ சுகோ.' காரணங்கள் கூடி உண்டானவை எல்லாம் நிலையற்றவை, தோன்றுவதும் தேய்வதும் அவற்றின் இயல்பு, தோன்றி மறைகின்றன, அவை அடங்குவதே சுகம். புத்தர் தமது 80ஆவது வயதில், குசிநகரில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே உயிர் நீத்தபோது தேவர் தலைவனான சக்கன் சொன்னது இது என்கிறது, அவருடைய கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தம். (பாலி மொழியில் 'சுத்தம்' என்றால் புத்தரின் போதனையைக் கூறும் நூல்.)

அதே சுத்தத்தில் இன்னொரு காட்சியும் வருகிறது. புத்தருக்குப் பக்கத்திலேயே 25 ஆண்டுகள் இருந்து பணிவிடை செய்த ஆனந்தர், விகாரைக்குள் போய்க் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அழுகிறார். நிலையாமை பற்றிய போதனையை அவரளவுக்குக் காதால் கேட்டவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அவரே அழுதார். அப்படியானால் நிலையாமையை ஏற்றுக்கொள்வது என்று பௌத்தம் எதைத்தான் சொல்கிறது? புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

சாவு மட்டும் அல்ல

நிலையாமை என்றதுமே நமக்குச் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். பௌத்தம் சொல்லும் அநித்தியம் அதைவிட அகலமானது. மலை, அரசு, உடம்பு, நட்பு, கோபம், பல்வலி, காலையில் குடித்த காபியின் ருசி எல்லாமே அதற்குள் அடங்கும். காரணம் எளிமையானது. எந்தப் பொருளும் தானாக நிற்பதில்லை. பல காரணங்கள் கூடித்தான் அது உண்டாகிறது. அந்தக் காரணங்கள் இடம் மாறினால் அதுவும் மாறித்தான் ஆகவேண்டும். இதில் தண்டனையும் இல்லை, விதியின் கொடுமையும் இல்லை. வாரணாசிக்கு அருகே இசிபதனத்தில், இன்றைய சாரநாத்தில், புத்தர் முதல் உபதேசம் செய்தபோது ஐந்து சீடர்களில் கொண்டஞ்ஞர்தான் முதலில் தெளிவு பெற்றார். அவருக்குப் பிடிபட்டது ஒரே வாக்கியம்: தோன்றும் இயல்புடைய எதுவும் மறையும் இயல்புடையதே.

இந்த மாற்றம் நமக்குப் பிடித்தமானதாகவும் வரும் என்பதை மறந்துவிடுகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது போன வருடத்துச் சீருடையை மகளுக்குப் போட்டுப் பார்த்தால் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறி நிற்கும். தையலைப் பிரித்து இறக்கிவிடவும் உள்ளே துணி மிச்சமிருக்காது. 'வளர்ந்துட்டா' என்று வீடே சந்தோஷப்படும். அதே பன்னிரண்டு மாதம் தாத்தாவின் முழங்கால் வழியாகவும் போயிருக்கிறது. அவர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். இரண்டும் ஒரே நடப்புதான். ஒன்றைக் கொண்டாடுகிறோம், மற்றொன்றைப் பார்த்துக் கலங்குகிறோம். காய்ச்சல் இறங்குவதும், வாங்கிய கடன் அடைவதும், கோபம் தணிவதும்கூட அநித்தியத்தின் தயவுதான்.

எங்கே வலிக்கிறது

இசிபதனத்தில் அதே ஐந்து பேருக்கு அடுத்து நடந்த உபதேசம் கேள்வியும் பதிலுமாகப் போகிறது. உருவம் நிலையானதா, நிலையற்றதா என்று கேட்கிறார் புத்தர். நிலையற்றது என்கிறார்கள். நிலையற்றது சுகமா, துக்கமா? துக்கம். நிலையற்று, துக்கமாக, மாறிக்கொண்டே இருப்பதை 'இது என்னுடையது, இதுதான் நான், இது என் ஆன்மா' என்று எண்ணுவது தகுமா? தகாது. உருவத்தோடு நிறுத்தாமல், மனிதன் என்று நாம் சொல்லும் தொகுதியின் மற்ற நான்கு பகுதிகளுக்கும் இதே கேள்வியைக் கேட்கிறார். அந்த ஐந்துக்கும் தமிழில் பழைய பெயர்கள் இருக்கின்றன. 'உருவு நுகர்ச்சி குறிப்பே பாவனை உள்ள அறிவு' என்று மணிமேகலைக் காப்பியம் அவற்றை ஐங்கந்தம், அதாவது ஐந்து தொகுதிகள், ஆக்கித் தருகிறது.

புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறும் இடம் 'நிலையற்றது துக்கம்' என்பது. மாற்றமே வலி என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படியிருந்தால் மகள் வளர்வதும் வலிக்க வேண்டும். நிலைக்காத ஒன்றிடம் நிலைத்த நிம்மதியை எதிர்பார்த்தால் அது கைவிட்டுவிடும் என்பதே இங்கே சொல்லப்படுவது. அந்த எதிர்பார்ப்பு எப்படி முளைக்கிறது என்பதையும் மணிமேகலை சொல்கிறது. காஞ்சியில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியை விளக்குகிறார். அதன் நடுவில் இருக்கும் மூன்றைப் பிடித்துக்கொண்டாலே தொடக்கத்துக்குப் போதும்: நுகர்வு, வேட்கை, பற்று. ஒன்றை அனுபவிக்கிறோம், இன்னும் வேண்டும் என்று தோன்றுகிறது, பிறகு அது இல்லாமல் நான் இல்லை என்று ஆகிவிடுகிறது. நுகர்வை நிறுத்த முடியாது, கண்ணும் காதும் இருக்கும்வரை அது இருக்கும். மற்ற இரண்டும் அப்படிக் கட்டாயம் அல்ல. பௌத்தப் பயிற்சி முழுக்கவும் கிட்டத்தட்ட அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

பாடலின் கடைசி அடியில் 'அவை அடங்குவதே சுகம்' என்று வருவதையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். செத்தால் நிம்மதி என்று அது சொல்லவில்லை. சேர்த்துச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் அந்த ஓட்டம் தணிவதைச் சொல்கிறது. பௌத்தம் அந்தத் தணிவை உயிரோடு இருக்கும்போதே அடையலாம் என்கிறது. புத்தரே அதை அடைந்த பிறகு 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து போதித்தார்.

மயான வைராக்கியம் போதாது

சுடலையில் நிற்கும்போது எல்லோருக்கும் ஞானம் வரும். 'என்ன வாழ்க்கை இது, எதுக்கு இந்தச் சண்டை' என்று தோன்றும். குளித்து, வீடு திரும்பி, சாப்பிட்டு எழுவதற்குள் பங்காளிச் சண்டை மறுபடி ஆரம்பமாகும். இதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் மயான வைராக்கியம். பௌத்தம் இந்தத் திடீர் ஞானத்தை நம்புவதில்லை. பெரிய இழப்பு வரும் நாளில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அன்றைக்குக் கையில் இருப்பது தினமும் பழகியது மட்டும்தான். அதனால்தான் புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் ஐந்து நினைவுகளை அடிக்கடி நினைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. பெண்ணோ ஆணோ, இல்லறத்தாரோ துறவியோ, எல்லோருக்கும் பொது என்று அந்தச் சுத்தமே சொல்கிறது. நான் முதுமை அடையும் இயல்புள்ளவன், அதைத் தாண்டியவன் அல்லன். நான் நோயுறும் இயல்புள்ளவன். நான் இறக்கும் இயல்புள்ளவன். எனக்குப் பிரியமான அனைத்திலிருந்தும் அனைவரிடமிருந்தும் ஒருநாள் பிரிவேன். என் செயல்களுக்கு நானே உரியவன். அவற்றின் பயன் என்னைச் சேரும்.

முதல் நான்கையும் படித்துவிட்டு மனம் சோர்ந்து போகிறவர்கள் ஐந்தாவதைக் கவனிப்பதில்லை. முதல் நான்கு நம் கையில் நிற்காதவற்றைச் சொல்கின்றன. ஐந்தாவது, நம்மோடு வருவது எது என்று சொல்கிறது. அதோடு, இவற்றை ஏன் நினைக்க வேண்டும் என்பதற்கும் சுத்தம் காரணம் தருகிறது: இளமையினால், ஆரோக்கியத்தினால், உயிரோடு இருப்பதனால் வரும் செருக்கு குறையும். அந்தச் செருக்கில்தான் பிறரைத் துச்சமாக நடத்துகிறோம். 'எனக்கெல்லாம் வராது' என்று நினைக்கிறவன்தான் நோயாளியிடம் எரிந்து விழுகிறான்.

இது நினைப்பு அளவிலான பயிற்சி. இதைவிட நெருக்கமானது உடம்பில் பார்ப்பது. விபாசனா தியானத்தில் ஒரு பிரபலமான வழி, பர்மாவிலிருந்து வந்த கோயங்கா 1969 முதல் இந்தியாவில் கற்றுத்தந்தது. மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் அதன் பெரிய மையம் இருக்கிறது. பத்து நாள் முகாமில் முதலில் மூச்சைக் கவனிப்பார்கள். நாலாம் நாளிலிருந்து உடம்பின் உணர்ச்சிகளை அசையாமல் கவனிப்பார்கள். மூக்கு நுனியில் ஓர் அரிப்பு வரும். கை தானாக எழப் பார்க்கும். எழவிடாமல் அந்த அரிப்பையே பார்த்தால், முதலில் கூர்மையாகும், இனித் தாங்காது என்று தோன்றும், பிறகு பரவும், துடிக்கும், இடம் மாறும், ஒரு கட்டத்தில் காணாமல் போயிருக்கும். எப்போது போனது என்றுகூடச் சொல்ல முடியாது. 'தாங்காது' என்று மனம் சொன்னது எத்தனை உறுதியாக இருந்தது என்பதுதான் இங்கே கற்கவேண்டியது. மனம் அவ்வளவு உறுதியாகச் சொல்லும் மற்ற விஷயங்களையும் நாளைக்குக் கொஞ்சம் நிதானமாகக் கேட்கலாம்.

பழைய பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் வரும் படாசாராவின் கதை இதைத்தான் சொல்கிறது. அவளுடைய இழப்பை எழுதவே கை கூசும். கணவன் பாம்பு கடித்து இறந்தான். பச்சைக் குழந்தையைப் பருந்து தூக்கிப் போனது, மூத்தவனை ஆறு கொண்டு போனது. பிறந்த வீட்டைத் தேடிச் சாவத்திக்கு வந்தால் புயல் இரவில் வீடு இடிந்து தாய், தந்தை, சகோதரன் மூவரும் ஒரே சிதையில் எரிந்துகொண்டிருக்கிறார்கள். புத்தி பேதலித்து, உடுத்த துணியும் இல்லாமல், புத்தர் இருந்த ஜேதவன விகாரைக்கு வந்தவளைக் கூட்டம் தடுத்தது. 'சகோதரி, நினைவுக்குத் திரும்பு' என்றார் புத்தர். யாரோ ஒருவர் மேலாடையைக் கொடுத்தார். அவள் பிக்குணி ஆனாள். ஆனால் அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெளிந்துவிடவில்லை. பின்னொரு நாள் கால் கழுவும்போது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். முதலில் ஊற்றிய தண்ணீர் சிறிது தூரத்தில் வற்றியது, அடுத்தது கொஞ்சம் தள்ளி, மூன்றாவது இன்னும் தள்ளி வற்றியது. உயிர்களும் சில இளமையில், சில நடுவயதில், சில முதுமையில் போகின்றன என்று அவளுக்குப் பட்டது என்கிறது தேரிகாதையின் உரை. மனம் ஒருமைப்பட்டது. குடிலுக்குள் போய் ஊசியால் விளக்குத் திரியை இழுத்தாள். சுடர் அணைந்த கணத்தில் அவள் மனம் விடுபட்டது. மலையளவு துக்கத்தால் கிடைக்காத தெளிவு கால் கழுவிய தண்ணீரில் கிடைத்தது.

தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

'எல்லாம் போகப் போகிறதே, எதற்குப் பாடுபட வேண்டும்?' என்று கேட்பவர்களுக்கு புத்தரின் கடைசி வாக்கே பதில். உண்டானவை எல்லாம் தேயும் இயல்புடையவை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், அயராது முயன்று முடித்துக்கொள்ளுங்கள் என்றார். நேரம் முடிவில்லாமல் இருந்தால்தான் தள்ளிப்போடலாம்.

இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். அநியாயம் நடந்து தவிக்கிறவரிடம் 'எல்லாம் அநித்தியம், விடுங்க' என்பது. காரணங்களால் உண்டானது காரணங்கள் மாறினால் மாறும் என்பதுதான் போதனை. அப்படியானால் சம்பளம் கிடைக்காதவர் கேட்டு வாங்குவதும், நோயாளி வைத்தியம் பார்ப்பதும் அந்தப் போதனைக்குள்ளேயே அடங்கியவை. அதுபோல, துக்க வீட்டில் போய் இந்தத் தத்துவத்தைப் பேசவும் கூடாது. இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த கிசாகோதமிக்கு புத்தர் உபதேசம் செய்யவில்லை. சாவு நடக்காத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார். வீடு வீடாக நின்று, மற்றவர்களின் சாவைக் கேட்டுக் கேட்டு, அவளே பிள்ளையைக் கீழே வைத்தாள். வேறு யாரும் அதை அவளுக்காகச் செய்திருக்க முடியாது. மாதக்கணக்கில் ஊணும் உறக்கமும் இல்லாமல் கிடப்பவருக்குத் தத்துவத்தைவிட மருத்துவர் முதலில் தேவைப்படலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனந்தரிடம் வருவோம்

சாவத்தியில் ஒரு மாலை. புத்தர் மேற்கு வெயிலில் உட்கார்ந்து முதுகு காய்ந்துகொண்டிருக்கிறார். ஆனந்தர் அவருடைய கை கால்களைப் பிடித்துவிடுகிறார். பிடித்துவிடும்போது கண்ணில் பட்டதை அப்படியே சொல்கிறார்: தோலில் பழைய ஒளி இல்லை, அங்கங்கள் தளர்ந்து சுருங்கிவிட்டன, உடம்பு முன்பக்கம் வளைந்திருக்கிறது. அப்படித்தான் ஆனந்தா, என்கிறார் புத்தர். இளமைக்குள் முதுமை இருக்கிறது, ஆரோக்கியத்துக்குள் நோய் இருக்கிறது, உயிருக்குள் சாவு இருக்கிறது. பௌத்த நூல்களில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இது. இரண்டு பேரும் எதையும் மறைக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு ஆனந்தர் கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு, புத்தரின் தலைமைச் சீடர் இருவரில் ஒருவரான சாரிபுத்தர் இறந்த செய்தி வந்தது. அவர் தம் சொந்த ஊரான நாளகத்தில் நோயுற்றுக் காலமானார். சுந்தன் என்ற இளம் துறவி அவருடைய பாத்திரத்தையும் சீவரத்தையும் (துறவி ஆடையையும்) எடுத்துக்கொண்டு சாவத்திக்கு வந்தான். அதைக் கேட்டதும் தமக்கு ஆனதை ஆனந்தர் புத்தரிடம் ஒளிக்காமல் சொன்னார்: உடம்பு மரத்ததுபோல் ஆகிவிட்டது, திசை தெரியவில்லை, கற்ற தம்மமும் (போதனையும்) நினைவில் நிற்கவில்லை. நெருங்கியவரைப் பறிகொடுத்த யாருக்கும் இது தெரிந்த நிலைதான். அதற்கு புத்தர் கேட்டது: சாரிபுத்தன் போகும்போது உன் ஒழுக்கத்தை எடுத்துப்போனானா? உன் மன ஒருமையை, உன் ஞானத்தை எடுத்துப்போனானா? இல்லை என்கிறார் ஆனந்தர். ஆனால் அவர் எனக்கு வழிகாட்டினார், தேற்றினார், அந்த உதவியை நினைக்கிறேன் என்கிறார். சிறிது காலத்தில் மற்றொரு தலைமைச் சீடரான மொக்கல்லானரும் போய்விட்டார். கங்கைக் கரையில் உக்கசேலத்தில் பிக்குகள் நடுவே உட்கார்ந்த புத்தர், அவர்கள் இருவரும் இல்லாமல் இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது என்றார். ததாகதருக்கு (அதாவது புத்தருக்கு) அதில் துயரமோ புலம்பலோ இல்லை என்றும் அதே இடத்தில் வருகிறது. வெறுமை தெரிகிறது, அதைச் சொல்லவும் செய்கிறார், ஆனால் அது கூடாது என்று முரண்டு பிடிக்கவில்லை. ஏற்றுக்கொள்வது என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான்.

குசிநகரில் ஆனந்தர் அழுதது இதற்கெல்லாம் பிறகு. தான் ஏன் அழுகிறேன் என்பதை அவரே சொல்கிறார்: நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன், செய்யவேண்டியது மிச்சமிருக்கிறது, என்மேல் இரக்கம் வைத்த என் ஆசான் போகப்போகிறார். ஆனந்தன் எங்கே என்று விசாரித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார் புத்தர். போதும், அழாதே, பிரியமானவை அனைத்திலிருந்தும் பிரிவு உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா, பிறந்தது அழியாமல் இருக்கட்டும் என்றால் அது எப்படி நடக்கும் என்றார். அங்கே நிறுத்தவில்லை. நீண்ட காலமாக உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அன்போடு என்னைக் கவனித்துக்கொண்டாய், நல்லதைச் செய்திருக்கிறாய், முயற்சி செய், விரைவில் விடுபடுவாய் என்றார். பிறகு மற்ற பிக்குகளைப் பார்த்து ஆனந்தரின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாராட்டினார். உயிர் போகும் இரவில் உண்மையையும் சொல்லி, நன்றியையும் சொல்லி, மிச்சமுள்ள வேலையையும் நினைவூட்டியிருக்கிறார். அழுததற்காக ஆனந்தரைச் சிறுமைப்படுத்தும் ஒரு சொல்கூட அதில் இல்லை.

புத்தர் காலமான சில மாதங்களில் ராஜகிருகத்தில் மூத்த சீடரான மகாகாசியபர் தலைமையில் 500 பிக்குகள் கூடி போதனைகளைத் தொகுக்க முடிவானது. எல்லாவற்றையும் கேட்டவர் ஆனந்தர். ஆனால் முழுமையாக விடுபடாதவர் என்பதால் அவர் அங்கே இருக்கலாமா என்ற பேச்சு வந்தது. கூட்டத்துக்கு முந்தைய இரவு அவர் வெகுநேரம் பயிற்சி செய்தார். விடியும் நேரத்தில் சரி, படுப்போம் என்று சாய்ந்தார். கால் தரையை விட்டு எழுந்து தலை தலையணையைத் தொடுவதற்குள் மனம் விடுபட்டது என்கிறது மரபு. மறுநாள் சபையில் உட்கார்ந்து, மகாகாசியபர் கேட்கக் கேட்க, எந்த ஊரில், யாரிடம், எதற்காகச் சொன்னது என்பதோடு சுத்தங்களை ஒவ்வொன்றாக ஒப்பித்தார். இன்றும் அவை 'நான் இவ்வாறு கேட்டேன்' என்றுதான் தொடங்குகின்றன. அந்த 'நான்' ஆனந்தர்.